வெட்டாத காடு யாருக்குச் சொந்தம்?



ஈப்போ நகரைத் தெரியாதவர் நம்மில் எவரும் இல்லை. ஆனால் ஈப்போ என்பது ஒரு காட்டு மரத்தின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. அந்த மரத்தின் பட்டையைக் கீறினால், நம் ரப்பர் மரத்தில் வடிவதுபோலவே பால் வடியும். ஆனால் அது நஞ்சு. அந்தப் பாலை நெருப்பில் வாட்டி இறுக்கி, ஊதுகுழலில் வைத்து ஊதும் சிறிய அம்பின் முனையில் தடவுவார்கள் பூர்வகுடி மக்கள். அம்பு தைத்த விலங்கின் இதயம் நின்றுபோகும். அதன் இறைச்சியை உண்பவருக்கோ எந்தத் தீங்கும் இல்லை. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயலம்பங்கள் பெருகியபோது காடு போயிற்று, ஊரின் பெயர் மட்டும் நின்றது. ஈப்போ இரயில் நிலையத்திற்கு எதிரே ஒரே ஒரு மரத்தை வேலியிட்டு நட்டு, வருவோர் போவோருக்குக் காட்சிப் பொருளாக்கி வைத்திருக்கிறார்கள்.

தென்சீனக் கடலுக்கு அப்பால் சரவாக் மாநிலத்தில் இதே மரத்தைத் தாஜெம் என்று அழைக்கிறார்கள் பெனான் மக்கள். அவர்களுக்கு அது காட்சிப் பொருளன்று, அன்றாடச் சோற்றுக்கு வழி. அந்தப் பெனான் மக்களின் காடு எவ்வாறு கைமாறியது என்பதைத்தான் இன்றைய உரையில் சொல்ல எண்ணியுள்ளோம்.

சரவாக்கின் உட்பகுதியில் பாராம் ஆறும் லிம்பாங் ஆறும் தோன்றும் மலைப்பகுதியே பெனான் மக்களின் வாழிடம். அவர்களின் தொகை இன்று சுமார் 16,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சரவாக்கில் இபான், காயான், கெனியா போன்ற மக்கள் ஆற்றங்கரைகளில் நீண்ட வீடுகள் கட்டி, மலைச்சரிவைத் திருத்தி நெல் விதைத்து வாழ்ந்தவர்கள். பெனான் மக்கள் அப்படியல்லர். அவர்கள் நெல் விதைக்கவில்லை, காட்டையும் வெட்டவில்லை. சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, மலை முகட்டில் கம்புகளின்மேல் குடில் கட்டிச் சில வாரங்கள் தங்குவார்கள். அங்கே உணவு குறைந்தால் அடுத்த முகட்டுக்குச் செல்வார்கள். இன்று அவர்களில் பெரும்பாலோர் ஊர்களில் நிலையாகக் குடியமர்ந்து நெல்லும் மரவள்ளியும் பயிரிடுகின்றனர். ஆயினும் இறைச்சிக்கும் மீனுக்கும் மருந்துக்கும் பிரம்புக்கும் அவர்கள் காட்டுக்குத்தான் போகவேண்டும்.

நாம் சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா? அந்தச் சவ்வரிசிக்கு உறவான மாவுதான் பெனான் மக்களின் பழைய உணவு. மலைச்சரிவுகளில் குத்துக் குத்தாக வளரும் ஒருவகைக் காட்டுப் பனையிலிருந்து அதை எடுப்பார்கள். முற்றிய தண்டை வெட்டிப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை இடித்து, பிரம்புப் பாயில் பரப்பி, நீரூற்றிக் காலால் மிதிப்பார்கள். வடியும் நீரில் மாவு அடியில் தங்கும். அதைக் களியாகக் கிண்டி, குச்சியில் சுருட்டி உண்பார்கள்.

இங்கே நேயர்கள் கூர்ந்து கேட்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு பனைக் குத்தைக் கண்டவர் அதில் ஓர் அடையாளம் இடுவார். அன்றுமுதல் அது அவருடைய, அல்லது அவர் குடும்பத்தினுடைய பொறுப்பு. முற்றியதை மட்டும் எடுத்துக்கொண்டு, இளங்கன்றுகளை விட்டுவைப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தக் குத்து மீண்டும் தழைத்திருக்கும்போது திரும்பி வருவார்கள். வேறொருவர் அதை எடுக்க விரும்பினால் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். இந்த வழக்கத்துக்கு மோலோங் என்று பெயர். பனைக்கு மட்டுமன்று, பழமரத்துக்கும் நச்சுமரத்துக்கும் பிரம்புக் கொடிக்கும் மோலோங் உண்டு. ஆக, பெனான் மக்கள் உரிமை அறியாமல் மனம்போன போக்கில் அலைந்தவர்கள் என்று சொல்வது பொருந்தாது. எந்த மரம் யாருடையது, எந்த ஓடையின் எல்லை எதுவரை என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். அதைத் தாளில் எழுதி வைக்கவில்லை. அவ்வளவே.

வெளியுலகத்தோடு அவர்களுக்குத் தொடர்பே இல்லை என்றும் எண்ணிவிடக்கூடாது. வாசனைக் கட்டையாகிய காகாரு, டாமார் பிசின், பிரம்புப் பாய், பிரம்புக் கூடை ஆகியவற்றைக் கொண்டுவந்து, உப்பும் புகையிலையும் இரும்பும் துணியும் வாங்கிச் செல்வார்கள். ஜெலுத்தோங் என்னும் மரத்தின் பாலையும் எடுத்து விற்றார்கள். மெல்லும் சுவிங்கத்துக்கு ஒரு காலத்தில் அந்தப் பாலும் ஒரு மூலப்பொருளாக இருந்தது. பெனானும் ஒருவகையில் பால்வெட்டுக்காரரே என்று வகுப்பில் சொன்னபோது, நம் மாணவர்கள் முகத்தில் தோன்றிய வியப்பைப் பார்க்கவேண்டுமே!

1841-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர் சரவாக்கின் ராஜாவானார். அவருடைய வழியினர் நூறாண்டுகள் ஆண்டபின், 1946-இல் சரவாக் பிரிட்டிஷ் அரசின் குடியேற்ற நாடாகியது. 1963 செப்டம்பர் 16-ஆம் நாள் மலேசியாவில் இணைந்தது. புரூக் ஆட்சியில் பெனான் மக்களை யாரும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. வணிகத்தில் அவர்கள் ஏமாற்றப்படாமல் இருக்க, அதிகாரி ஒருவர் முன்னிலையில் தாமு என்னும் சந்தை நாளைக்கூட அரசு ஏற்பாடு செய்தது. ஆனால் நிலம் பற்றிய சட்டம் எழுதப்பட்டபோது, அவர்களை எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1958 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த சரவாக் நிலச் சட்டம் பூர்வகுடியினரின் மரபுவழி நில உரிமையை ஏற்றுக்கொள்கிறது. மற்ற பல நாடுகளின் சட்டங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல சட்டமே. ஆனால் அந்த உரிமை எப்படிப் பிறக்கிறது என்று சட்டம் சொல்லும் வழிகளில் முதலாவது என்ன தெரியுமா? கன்னிக் காட்டை வெட்டி, வெட்டிய நிலத்தில் குடியிருப்பது. பழமரம் நடுதல், பயிரிடுதல், இடுகாடு அமைத்தல் முதலியன அடுத்து வருகின்றன. இவையெல்லாம் 1958-க்கு முன்பே நடந்திருக்கவேண்டும். நெல் விதைக்கும் இபானும் காயானும் தாங்கள் வெட்டிய நிலத்தைக் காட்டி உரிமை கேட்கலாம். காட்டை வெட்டாமல் காத்து வந்த பெனான் எதைக் காட்டுவார்? அவர் கையில் ஒரு சான்றும் இல்லை. வெட்டியவனுக்கு உரிமை, வெட்டாதவனுக்கு இல்லை என்றாகிவிட்டது.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. நம் பாட்டன்மார் காட்டை அழித்துத் தோட்டமாக்கினார்கள் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் சிந்திய வியர்வை உண்மை. மலேரியாவில் மாண்டவர் எத்தனை பேர் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் காட்டில் அதற்குமுன் யார் நடமாடினார்கள் என்று நாம் கேட்டதில்லை. மூன்று தலைமுறை உழைத்தும் லயத்து வீட்டுக்குக் கிராண்ட் இல்லாமல், தோட்டம் விற்கப்பட்ட மறுநாளே வெளியேறச் சொல்லப்பட்ட குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஆகவே பத்திரம் இல்லாதவனின் நிலை நமக்குப் புதிதன்று.

மீண்டும் சரவாக்குக்கு வருவோம். 1950, 60-ஆம் ஆண்டுகளில் அங்கே மரம் வெட்டும் தொழில் கரையோரச் சதுப்புக் காடுகளில்தான் பெரும்பாலும் நடந்தது. ராமின் என்ற மரம் அங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. சதுப்புக் காடு குறைந்ததும், 1970-களில் இயந்திர வாளும் புல்டோசரும் மலையேறின. மெரந்தி, காப்பூர், கெருயிங் என்று நாம் பலகைக் கடையில் கேட்கும் மரங்களெல்லாம் மலைக்காட்டு மரங்களே. 1990-ஆம் ஆண்டளவில் சரவாக்கிலிருந்து ஓராண்டில் வெட்டப்பட்ட மரம் சுமார் 1 கோடியே 80 இலட்சம் கன மீட்டர். அனைத்துலக வெப்பமண்டல மரநிறுவனம் அனுப்பிய ஆய்வுக் குழு, அதை 92 இலட்சம் கன மீட்டராகக் குறைக்கவேண்டும் என்று அதே ஆண்டில் பரிந்துரைத்தது. அஃதாவது, காடு தாங்கக்கூடியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வெட்டப்பட்டது. மரத்தைப் பெருமளவில் வாங்கியது ஜப்பான். அங்கே கட்டடங்களுக்குச் சிமெண்டுக் கலவை ஊற்றும் அச்சுப் பலகைக்கு இந்த மரத்தின் ஒட்டுப்பலகை பயன்பட்டது. சில தடவை பயன்படுத்தியபின் பலகையை எறிந்துவிடுவார்கள். நூறாண்டுக்கு மேல் வளர்ந்த மரத்தின் முடிவு அது.

மரம் வெட்டினால் பெனான் மக்களுக்கு என்ன நட்டம்? பெரிய மரங்களை மட்டுமே தேர்ந்து வெட்டுகிறோம், காடு மீண்டும் வளரும் என்று அதிகாரிகள் கூறினர். ஏட்டில் அது சரியே. ஆனால் காட்டு மரங்கள் கொடிகளால் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பவை. ஒன்று சாயும்போது அண்டை மரங்களையும் இழுத்துக்கொண்டு சாயும். வெட்டிய மரத்தைப் புல்டோசர் இழுத்துச் செல்லும் தடத்தில் பனங்குத்து நசுங்கும், பிரம்பு அறுபடும். மலைச்சரிவில் மண்ணைக் கிழித்துப் போட்ட சாலையிலிருந்து மழைக்குச் சேறு இறங்கி, தெளிந்த ஓடை தேநீர் நிறமாகும். கலங்கிய நீரில் மீன் தங்காது. குடிக்கவும் அந்த நீர் ஆகாது.

பன்றியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. போர்னியோக் காட்டில் தாடிப்பன்றி என்று ஓர் இனம் உண்டு. பெனான் மக்களுக்கு முதன்மையான இறைச்சி அதுவே. மெரந்தி, காப்பூர் இனத்து மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சொல்லிவைத்தாற்போல் காடு முழுவதும் ஒரே பருவத்தில் காய்த்துக் கொட்டும். அந்தக் கொட்டைகளைத் தின்று பன்றிகள் கொழுத்துப் பெருகும், கூட்டங்கூட்டமாக நெடுந்தொலைவு பயணம் செய்யும். கம்பெனிகள் தேடி வெட்டுவதும் அதே மரங்களைத்தான். மரம் போனால் கொட்டை போகும், கொட்டை போனால் பன்றி போகும். ஒரு நாள் வேட்டையில் கிடைத்தது ஒரு வாரம் அலைந்தும் கிடைக்கவில்லை என்று பெனான் வேட்டைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கூறியதன் காரணம் இதுதான். பள்ளிக்கூடத்தில் உணவுச் சங்கிலி என்று படம் வரைந்து காட்டுகிறோம். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மனிதக் குழந்தைகள் இருந்தார்கள்.

இடுகாடுகளும் தப்பவில்லை. பெனான் மக்கள் கல்லறை எழுப்புவதில்லை. ஆகவே புல்டோசர் ஓட்டியவருக்கு அது வெறும் மண்மேடாகத்தான் தெரிந்திருக்கும்.

அவர்கள் முதலில் கடிதம் எழுதினார்கள். எழுதத் தெரிந்தவரை வைத்து எழுதி, பெருவிரல் ரேகை பதித்து, அதிகாரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் அனுப்பினார்கள். பயன் இல்லை. 1987 மார்ச் இறுதியில், பாராம், லிம்பாங் வட்டாரங்களில் மரக்கட்டை லாரிகள் செல்லும் சாலைகளின் குறுக்கே கம்புகளையும் கொடிகளையும் கட்டி மறித்தார்கள். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தையோடு தாய்மார், முதியவர் எல்லாரும் அந்த வேலிக்குப் பின்னே குடில் போட்டு உட்கார்ந்தார்கள். காயான் மக்களும் தங்கள் பகுதியில் சேர்ந்துகொண்டார்கள். மாதக்கணக்கில் லாரிகள் நின்றன. கையில் ஊதுகுழல் இருந்தும் அவர்கள் எவர்மீதும் அம்பு எய்யவில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம் பெனான், காயான், கெலாபிட் மக்களின் பேராளர்கள் சிலர் கோலாலம்பூர் வந்தார்கள். மலேசிய இயற்கை நண்பர்கள் சங்கமான சஹாபாட் அலாம் அவர்களுக்குத் துணை நின்றது. அப்போது துணைப் பிரதமராக இருந்த காபார் பாபாவைச் சந்தித்து முறையிட்டார்கள். ஆனால் நம் அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. கோலாலம்பூர் கேட்டுக்கொள்ளலாம், கட்டளையிட இயலாது. மாநிலத்திலோ, மரம் வெட்டும் உரிமங்கள் எவரெவருக்குக் கொடுக்கப்பட்டன என்பது அந்த ஆண்டுத் தேர்தலில் அரசியல் தலைவர்களிடையே வெளிப்படையான சண்டையாகவே வெடித்திருந்தது. உரிமம் பெற்றவர் பட்டியலில் பெனான் பெயரைத் தேடிப் பயனில்லை.

அக்டோபரில் மறியல்கள் கலைக்கப்பட்டன. ஊமா பாவாங் என்னும் காயான் ஊரைச் சேர்ந்த 42 பேர் கைதாகினர். அவர்களுக்குத் துணைநின்ற ஹாரிசன் ஙாவ் என்ற காயான் இளைஞர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்றம் காட்டுச் சட்டத்தைத் திருத்தியது. மரம் கொண்டு செல்லும் சாலையை மறித்தால் இரண்டாண்டு வரை சிறை, 6,000 வெள்ளி வரை அபராதம். பெனான் அஞ்சி ஒதுங்கிவிடவில்லை. 1988 இறுதியிலும் 1989 தொடக்கத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மறியலில் கைதாகினர். ஹாரிசன் ஙாவ் 1990-இல் பாராம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மேம்பாட்டுக்கு எதிரிகள், காட்டுமிராண்டிகளாகவே இருக்க விரும்புகிறார்கள் என்று அவர்களைப் பழித்தவர்கள் பலர். இதை நாம் ஏற்பதற்கில்லை. பள்ளி வேண்டும், மருந்தகம் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். மரக்கம்பெனியின் சாலை வந்ததால் நோயாளியை விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது என்று மகிழ்ந்தவரும் அவர்களில் உண்டு, கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவரும் உண்டு. அவர்கள் எதிர்த்தது, தங்களைக் கேளாமல் தங்கள் உணவை எடுத்துச் சென்றதையே.

மறியல் ஒருபுறம் இருக்க, வழக்கு நீதிமன்றத்துக்கும் சென்றது. இங்கே தீபகற்பத்தில் நடந்த ஒரு வழக்கை முதலில் சொல்லவேண்டும். ஏனெனில் சரவாக் வழக்குகளிலும் அதே கேள்விதான் எழுந்தது. சிலாங்கூரில் டெங்கில் அருகே புக்கிட் தம்போய் என்னும் தெமுவான் பூர்வகுடிக் கிராமம் உள்ளது. புதிய விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை போடுவதற்காக, 1995-இல் அவர்கள் நிலத்தில் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட இழப்பீடு வீட்டுக்கும் பயிருக்கும் பழமரத்துக்கும் மட்டுமே. நிலத்துக்கு ஒரு காசும் இல்லை. 1954-ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டத்தில் மரத்தின் விலைதான் எழுதியிருக்கிறது என்றார்கள். சாகோங் பின் தாசி என்பவரும் அவர் ஊராரும் வழக்குத் தொடுத்தனர். 2002-இல் உயர்நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், அந்த நிலம் அவர்களுடையதே, நிலத்துக்கும் விலை கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தன. மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். 2010-இல் 65 இலட்சம் ரிங்கிட்டுக்கு இணக்கம் ஏற்பட்டு வழக்கு முடிந்தது.

சரவாக்கில் பாதை இவ்வளவு நேராக அமையவில்லை. பிந்துலு வட்டாரத்து இபான் ஊரார் தொடுத்த வழக்கில், 2001-இல் உயர்நீதிமன்றம் துணிவான தீர்ப்பு ஒன்றை அளித்தது. ஒரு நீண்ட வீட்டாருக்கு அவர்கள் பயிரிட்ட வயல் மட்டுமன்று, வேட்டையாடவும் பிரம்பு எடுக்கவும் வெட்டாமல் விட்டுவைத்த காடும் உரியது என்றார் நீதிபதி. காட்டைக் காத்தவனுக்கும் உரிமை உண்டு என்று முதன்முறையாக ஒலித்த குரல் அது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சான்று போதவில்லை என்று அந்த ஊராருக்கு எதிராகத் தீர்ப்பளித்தாலும், கொள்கையைத் தள்ளிவிடவில்லை. ஆனால் 2016 டிசம்பரில், வேறொரு வழக்கில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகிய கூட்டரசு நீதிமன்றம், வெட்டாத காட்டின்மீது மரபுரிமை கோருவதற்குச் சரவாக்கில் சட்ட வலிமை இல்லை என்று கூறிவிட்டது. 1958-இல் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று!

பூர்வகுடி மக்களிடையே எழுந்த கொந்தளிப்பைக் கண்ட மாநில அரசு, 2018 ஜூலையில் நிலச் சட்டத்தைத் திருத்தியது. ஓர் ஊராரின் மரபு எல்லைக்குள் உள்ள காட்டுக்கும் உரிமை கேட்கலாம் என்று இப்போது சட்டம் சொல்கிறது. ஆனால் 1,000 ஹெக்டாருக்கு மேற்படக்கூடாது. நெல் விதைப்பவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். பன்றியைத் தொடர்ந்து மலை மலையாக நடப்பவருக்கு ஆயிரம் ஹெக்டார் எந்த மூலைக்கு? வரம்பு வகுத்தவர்கள் மீண்டும் வயலை மனத்தில் வைத்தே அளந்திருக்கிறார்கள் என்பது நம் கருத்து.

பெனான் மக்களே தொடுத்த வழக்குகளில் பெயர்பெற்றது 1998-இல் பாராம் ஆற்றின் மேற்பகுதியைச் சேர்ந்த நான்கு ஊரார் தொடுத்தது. அவர்களுக்கு முன்னின்றவர் லோங் கெரோங் ஊர்த் தலைவர் கெலெசாவ் நாவான். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2007 அக்டோபரில் காட்டுக்குப் போன அந்த முதியவர் வீடு திரும்பவில்லை. டிசம்பரில் ஆற்றோரத்தில் அவருடைய எலும்புகளையே கண்டெடுத்தார்கள்.

வழக்கில் சான்று கேட்கிறார்கள் என்பதை அறிந்துகொண்ட பெனான் ஊரார், பதினைந்து ஆண்டுகளாக ஒரு வேலையைச் செய்தார்கள். இளைஞர்கள் முதியவர்களை அழைத்துக்கொண்டு காடெங்கும் நடந்து, ஒவ்வோர் ஓடையையும் முகட்டையும் நச்சுமரத்தையும் பனங்குத்தையும் இடுகாட்டையும் குறித்து, வரைபடம் ஆக்கினார்கள். 2017-இல் 63 ஊர்களுக்கான 23 வரைபடங்கள் வெளிவந்தன.

அந்த வரைபடங்களில் ஆறுகளின் பெயர்களே மிகுதி. இதற்குக் காரணம் உண்டு. பெனான் மக்கள் இறந்தவரின் பெயரை உச்சரிப்பதில்லை. அவர் எந்த ஓடைக்கருகில் புதைக்கப்பட்டாரோ, அந்த ஓடையின் பெயரைச் சொல்லியே அவரைக் குறிப்பிடுவார்கள். ஆகவே ஓர் ஓடையின் பெயரைக் கேட்டால் முதியவர் அங்கே வாழ்ந்தவரின் பரம்பரையையே சொல்லிவிடுவார். இப்போது அந்தப் பெயர்கள் தாளிலும் ஏறியிருக்கின்றன.